குறுக்குக் கட்டையை உருவுனது யாரு

அம்மா மாவாட்டி முடிச்சுட்டு கிரைண்டர்ல இருந்து குழவியைத் தூக்குனாங்க. அவ்வளவுதான் நடந்தது. கீழ விழல, வழுக்கல, யாரும் இடிக்கல. நாங்க கோயமுத்தூர்க்காரங்க, வீட்டுல கிரைண்டர் ஓடலைன்னா அந்த வாரமே ஓடாது, அதுலயும் அம்மாகிட்ட இருக்கிறது மேடை மேல வைக்கிற குட்டி மாடல் இல்ல, அப்பா கல்யாணமான புதுசுல வாங்குன, ஒத்தக் குழவி போட்ட, தரையில உக்காந்திருக்கிற பழைய பெருசு. குழவி மட்டும் எட்டு கிலோவுக்குக் குறையாது. நாப்பது வருசமா வாரத்துக்கு ரெண்டு தடவை அதைக் குனிஞ்சு தூக்கி ஓரமா வச்சு கழுவுற கை, அன்னிக்கும் அதே மாதிரி தூக்குச்சு, முதுகுல 'ளொடக்'குனு ஏதோ உள்ள எறங்குன மாதிரி இருந்துச்சாம். அதுக்கப்புறமும் குழவியைக் கீழ போடாம மெதுவா வச்சுட்டுத்தான் உக்காந்திருக்காங்க, மாவு வேற பாதி உள்ளயே இருந்துச்சுல்ல.

முதல்ல போன எடத்துல சதைப் பிடிப்புன்னாங்க. ஒரு ஆயின்மென்ட், ஒரு பெல்ட், கேஸுக்கு ஒரு மாத்திரை (முதுகு வலிக்கு கேஸ் மாத்திரை ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல), "வயசானா இதெல்லாம் வரும்மா"ன்னு ஒரு ஆறுதல். எக்ஸ்ரே எடுக்கல. மூணு வாரம் அந்த பெல்ட்டைக் கட்டிக்கிட்டு அம்மா சுவத்தைப் புடிச்சு புடிச்சு நடந்தாங்க. அப்புறம் ஒரு எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், அவரு மொதல்ல கேட்ட கேள்வியே "அம்மா, புடவை இப்பல்லாம் தரையில இழுபடுதுங்களா?"

நான் திரும்பி அம்மாவைப் பாத்தேன். ஆமா. ரெண்டு வருசமா புடவை ஃபால் எல்லாம் அடியில நைஞ்சு போச்சு, கொசுவத்தை இன்னொரு மடிப்பு ஏத்திச் சொருகிக்கிட்டு இருந்தாங்க, நாங்க யாரும் அதை உயரக் கணக்கா யோசிக்கல. அளந்து பாத்தா பழைய உயரத்துக்கு நாலு சென்டிமீட்டர் குறைச்சல். முதுகெலும்பு நசுங்கறதுல மூணுல ரெண்டு பங்கு இப்படித்தான் யாருக்கும் தெரியாமயே நடந்துருதாம், இடுப்பு வலி முதுகு வலின்னு தைலம் தேச்சே கடந்து போயிருவாங்க.

பக்கவாட்டு எக்ஸ்ரேவை வெளக்குப் பெட்டியில மாட்டுனாரு. முதுகெலும்பு கட்டைங்க ஒண்ணு மேல ஒண்ணா பெட்டி பெட்டியா அடுக்கி இருக்கும்ல, அதுல டி12, நெஞ்சுக்கூடு முடிஞ்சு இடுப்பு ஆரம்பிக்கிற எடம், அது மட்டும் முன்பக்கம் அமுங்கி ஆப்பு மாதிரி இருந்துச்சு. பின்சுவரு நிக்குது, முன்சுவரு எறங்கிருச்சு. நான் அதையே பாத்துட்டு இருந்தேன், அவரு அதைத் தாண்டி வேற ஒண்ணைக் காட்டுனாரு. உடையாத மத்த கட்டைங்களப் பாருங்க, உள்ள செங்குத்தா கோடு கோடா தெரியுதா, நல்ல எலும்புல இப்படித் தெரியாது, குறுக்குக் கோடும் சேந்து நெறைஞ்சு மங்கலா ஒரே வெள்ளையா இருக்கும், இங்க குறுக்கு எல்லாம் போயிருச்சு, நெட்டு மட்டும் நிக்குது, அதான் தனித்தனியா தெரியுது.

எனக்கு உள்ள சுருக்குன்னுச்சு. ஏன்னா நான் கட்டட வேலை பாக்குறவன். பதினெட்டு வருசமா சைட்டுல நிக்கிறேன். குறுக்கு போய் நெட்டு மட்டும் நின்னா என்ன ஆகும்னு எனக்கு டாக்டர் சொல்லணும்னு இல்ல.

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் இந்தப் படிப்பு. இது மருத்துவக் குறிப்பு இல்ல, ஒரு சிவில்காரன் எலும்புக்குள்ள போய் பாத்துட்டு வந்த கதைன்னு வச்சுக்கோங்க.

எக்ஸ்ரேல கோடு கோடா தெரிஞ்சுதுல்ல, கட்டைக்கு உள்ள இருக்கிற அந்த எலும்புக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்துல பேரு பஞ்சு எலும்பு. அந்தப் பேரே என்னை இத்தனை வருசம் ஏமாத்திருக்கு. பஞ்சுன்ன உடனே தலகாணிக்குள்ள இருக்கிற இலவம்பஞ்சு மாதிரி மெத்துமெத்துன்னு ஏதோன்னு நெனச்சுட்டேன், அவங்க சொன்னது கடற்பஞ்சு, ஓட்டை ஓட்டையா இருக்கும்ல அது. லத்தீன்ல இதுக்கு வச்ச பேருதான் நம்ம ஆளுங்க பேரு. கேன்சலஸ்னா கிராதி. உள்ள இருக்கிற ஒவ்வொரு குச்சிக்கும் டிரபெகுலான்னு பேரு, அதுக்கு அர்த்தம் குட்டி உத்தரம். உத்தரம்! யாரோ பேரு வச்சவன் மேல பாத்து மச்சுவீட்டு உத்தரத்தை நெனச்சிருக்கான்.

படிச்சா மட்டும் போதாதுன்னு ஞாயித்துக்கெழமை கறிக்கடைக்குப் போனேன். "தொடை எலும்பு, மூட்டுப் பக்கம், நெடுக்கு வாட்டுல ரெண்டாப் பொளந்து குடுங்கண்ணா." "ஏனுங் சார், சூப்புக்குங்களா? சூப்புன்னா குறுக்கால வெட்டுனாத்தானுங் சாறு எறங்கும்." படிக்கிறதுக்குன்னு சொல்ல கூச்சமா இருந்துச்சு, ஆமா சூப்புதான்னுட்டேன். ரெண்டு துண்டு. வீட்டுல வந்து நல்லா வேகவச்சு, பழைய டூத்பிரஷ்ஷால தேச்சு, குழாயை ஃபுல்லா தொறந்து ஓட்டை எல்லாம் கழுவி, மொட்டை மாடியில நாலு நாள் காயவச்சேன். எறும்பு தனிக் கதை, சம்சாரம் பேசுனது அதைவிடத் தனிக் கதை.

காஞ்சதும் எடுத்துப் பாத்தா, நம்பவே முடியல. நடுத்தண்டு நமக்குத் தெரிஞ்ச நல்லி எலும்பு, சுவரு கெட்டியா, நடுவுல குழாய். மூட்டை நோக்கிப் போகப் போக அந்த கெட்டிச் சுவரு மெலிஞ்சுக்கிட்டே வருது, மெலியற அளவுக்கு அதுல இருந்து நூல் நூலா பிரிஞ்சு உள்பக்கமா வளைஞ்சு போகுது, இந்தப் பக்கத்து நூலும் அந்தப் பக்கத்து நூலும் நடுவுல குறுக்கும் நெடுக்குமா வெட்டிக்கிட்டு, கோயில் மண்டபத்து வளைவு மாதிரி, கடைசியில மூட்டுத் தலைக்கு அடியில போய் தாங்குது. நெஞ்செலும்பு சூப்புல நாம மென்னு சாறு உறிஞ்சித் துப்பறோம்ல, அந்தக் கடி எலும்பும் இதேதான், கெட்டி எலும்பா இருந்தா பல்லுதான் போயிருக்கும்.

ஒவ்வொரு குச்சியும் மனுசனுக்கு 0.1ல இருந்து 0.2 மில்லிமீட்டர் தடிமன், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு. குச்சிக்கும் குச்சிக்கும் நடுவுல இடைவெளி அரை மில்லிமீட்டர்ல இருந்து ஒரு மில்லிமீட்டர். மொத்தத்துல பாதியில இருந்து தொண்ணூறு சதவீதம் வரைக்கும் வெறும் ஓட்டை, வயசானவங்க முதுகெலும்புக் கட்டையில எலும்புன்னு இருக்கிறது பத்து சதவீதம் பக்கம்தான். ஓட்டைன்னா காலியும் இல்ல, மஜ்ஜை இருக்கு, பெரியவங்களுக்கு ரத்தம் ஊறுற எடமே முதுகெலும்பு, இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு மாதிரி பஞ்சு எலும்புக்குள்ளதான், ஒரு நாளைக்கு இருபதாயிரம் கோடி சிவப்பணு அங்க இருந்து வருது. தூணுக்குள்ள ஃபேக்டரி ஓட்டுற மாதிரி ஒரு ஏற்பாடு.

இந்த வளைவுக் கோடுகளைப் பாத்து மொதல்ல பொறி தட்டுனவரு ஒரு டாக்டர் இல்ல, நம்ம ஜாதி. கார்ல் குல்மன், சூரிச் பாலிடெக்னிக்ல இன்ஜினியரிங் புரொஃபசர், படம் வரைஞ்சே விசையைக் கணக்குப் போடுற முறையை ஒரு பாடமாவே கொண்டு வந்தவரு. ஒரு பொருளுக்குள்ள ஓடுற அழுத்தத்தைப் படமா போட்டுப் பாக்க காலேஜ்ல மோர் வட்டம்னு ஒண்ணு போட்டு இன்ஜினியருங்களை வதைப்பாங்க, அதோட ஆரம்பமே இவருதான், அந்த மோர்ங்கிறவரு அப்புறமா வந்தவரு. 1866ல சூரிச்ல ஒரு கூட்டம், அங்க ஹெர்மன் ஃபொன் மேயர்ங்கிற உடற்கூறு புரொஃபசர் தொடை எலும்பை மெல்லிசா அறுத்து உள்கோடுகளைக் காட்டுறாரு. குல்மன் அதைப் பாத்துட்டு, ஒரு வளைஞ்ச கிரேன்ல சுமை தொங்குனா உள்ள அழுத்தமும் இழுவையும் எந்தப் பாதையில ஓடும்னு நான் வரையற படம் அப்படியே இது மாதிரி இருக்கேன்னாரு. தொடை எலும்போட மேல்தலை பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்குதுல்ல, ஒடம்பு எடை அது மேல உக்காருது, அப்ப அது ஒரு கிரேன்தானே. மேயர் 1867ல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கட்டுரை போட்டாரு. அதுக்கும் முன்னாடி 1838லயே வார்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரர் இதைத் தெருவிளக்குத் தாங்கி மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காரு, நடுவுல குச்சி கம்மியா இருக்கிற ஒரு முக்கோணத்தை இன்னிக்கும் டாக்டருங்க வார்டு முக்கோணம்னுதான் சொல்றாங்க.

அப்புறம் ஜூலியஸ் வுல்ஃப், பெர்லின் டாக்டர், 1892ல இதை ஒரு சட்டமாவே எழுதுனாரு, சுமை மாறுனா எலும்பு தன் உள்கட்டுமானத்தை மாத்திக்கும்னு. பேரு அவருக்குப் போயிருச்சு. ஆனா குச்சிங்க எல்லா எடத்துலயும் கரெக்டா 90 டிகிரியில வெட்டிக்கும்னு அவரு அடம் புடிச்சது சரியில்ல, நான் பாத்த ஆட்டெலும்புலயே சாய்வா வெட்டுன எடம் ஏகப்பட்டது இருக்கு. எலும்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கிற ஒரு உயிர் ஏற்பாடுங்கிற யோசனையை 1881லயே வில்ஹெல்ம் ரூ சொல்லிட்டாரு, என்னைக் கேட்டா பாதிப் பேரு அவருக்குச் சேரணும்.

நடுவுல ஒண்ணு. ஈஃபில் டவர் தொடை எலும்பைப் பாத்துக் கட்டுனதுன்னு வாட்ஸ்அப்புல வருதுல்ல, எங்க இன்ஜினியர் குரூப்புல மட்டும் மாசம் ஒரு தடவை வருது. உண்மையில இருக்கிற தொடர்பு என்னன்னா, டவரோட மொதல் வடிவத்தைப் போட்ட மோரீஸ் கெக்லின் சூரிச்ல குல்மன்கிட்ட படிச்ச பையன். வாத்தியார் ஒருத்தர்தான், எலும்பைப் பாத்து டவர் வரையல. இதை நான் குரூப்புல எழுதுனேன், ரெண்டு தம்ஸ்அப் வந்துச்சு, அடுத்த மாசம் மறுபடி அதே ஃபார்வர்டு.

சரி, குறுக்குக் கட்டைக்கு வரேன், எனக்கு நெஞ்சு பதறுன எடம் அதுதான்.

வெளக்குமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவுங்க. ஒரு முழம் நீளத்துக்கு ஒடைச்சு தரையில நட்டக்குத்தலா நிறுத்தி மேல இருந்து வெரலால அமுக்குங்க, உடனே வில்லா வளைஞ்சிரும். அதையே பாதியா ஒடைச்சு அமுக்குங்க, வெரல்ல குத்தும், வளையாது. குச்சி அதேதான், நீளம் மட்டும்தான் மாறுச்சு. நீளம் பாதியானா வளையாம தாங்குற சுமை நாலு மடங்கு, இது ஆய்லர்ங்கிற கணித மேதை போட்ட கணக்கு. இப்ப நீளக் குச்சியோட நடுவுல ஒருத்தன் ரெண்டு வெரலால லேசாப் புடிச்சுக்கட்டும், புடிச்சவன் சுமையே தாங்கல, சும்மா இங்கயும் அங்கயும் போகாம புடிச்சிருக்கான், ஆனா குச்சி இப்ப ரெண்டு சின்னக் குச்சி மாதிரி நடந்துக்கும். குறுக்குக் கட்டையோட வேலை அவ்வளவுதான். சும்மா நிக்குற மாதிரி தெரியும்.

தெரியும்ங்கிறதாலதான் ஆபத்து. பத்து வருசம் முன்னாடி ஒரு சைட்டுல, ரெண்டாவது மாடி ஸ்லாப்புக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குற பலகை) அடிச்சு சவுக்கு முட்டு எல்லாம் குடுத்து, இடுப்பு உயரத்துக்கு மேல குறுக்குக் கட்டை கட்டி, செக் பண்ணிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா ஒரு ஓரத்துல முட்டெல்லாம் லேசா தொப்பை போட்டு நிக்குது. மேல கம்பிக் கட்டு ஏத்தி வச்சிருந்தாங்க, கான்கிரீட் இன்னும் போடல, சாமி புண்ணியம். என்னன்னு பாத்தா புதுசா வந்த பையன் ஒருத்தன் கீழ் சாரத்துக்கு கட்டை பத்தலைன்னு குறுக்கை உருவிட்டுப் போயிருக்கான். புடிச்சுக் கேட்டா, "முட்டு ஒண்ணைக்கூட நான் தொடலைங் சார், குறுக்க சும்மா கட்டியிருந்ததைத்தான் எடுத்தேன்"னான். அவன் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. ஒரு முட்டு குறையல, மரத்தோட மொத்தக் கணக்குல பத்துல ஒரு பங்குகூடப் போயிருக்காது, ஆனா தாங்குற சக்தி காலே காலாயிருச்சு.

அம்மாவோட முதுகெலும்புல நடந்தது இதேதான். குறுக்குக் குச்சிங்க நெட்டுக் குச்சியைவிட மெல்லிசு, மொதல்ல போறதும் அதுதான். எலும்பு அடர்த்தி ஸ்கேன் அளக்குறது மொத்தமா எவ்வளவு கால்சியம் இருக்குன்னு, அதாவது மரக் கணக்கு, எது எங்க கட்டியிருக்குங்கிறது அதுல வராது. அந்த ஸ்கேன்ல வர்ற எண்ணுக்கு டி ஸ்கோர்னு பேரு, நல்ல இளவயசு எலும்போட ஒப்பிட்டா எவ்வளவு குறைச்சல்னு சொல்றது, அம்மாவுக்கு அது மைனஸ் 3.1. உலக சுகாதார நிறுவனம் 1994ல போட்ட கோடு மைனஸ் 2.5, அதுல இருந்து கீழ போனா எலும்புப்புரை. இத்தனைக்கும் நாலு வருசம் முன்னாடி அபார்ட்மென்ட்டுல ஒரு சத்துமாவு கம்பெனி கேம்ப் போட்டு குதிகாலை ஒரு டப்பாவுக்குள்ள விடச்சொல்லி பாத்துட்டு நார்மல்னு ஒரு ஸ்லிப்பும் ஒரு டப்பா மாவும் குடுத்தாங்க. குதிகால் எலும்பு முக்கால்வாசிக்கு மேல பஞ்சு எலும்புதான், அதனால அங்க பாக்குறதுல தப்பில்ல, ஆனா அந்த ஸ்லிப்பை பீரோவுல வச்சுட்டு நாலு வருசம் நிம்மதியா இருந்தோம் பாருங்க, அது எங்க தப்பு.

ராத்திரி உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன், தூக்கம் வரல. குனிஞ்சு குழவியைத் தூக்குறப்ப முதுகுத் தசை முதுகெலும்பு மையத்துல இருந்து அஞ்சு சென்டிமீட்டர் பின்னாடி இழுக்குது, குழவி நாப்பது சென்டிமீட்டர் முன்னாடி தொங்குது. சீசா கணக்கு. எட்டு கிலோ குழவிக்கு தசை அறுபத்துச் சொச்சம் கிலோ இழுக்கணும். அம்மாவோட தலை, தோள், கை, நெஞ்சு எல்லாம் சேந்து டி12க்கு மேல ஒரு 22 கிலோ, அதுவும் முன்னாடி சாஞ்சிருக்கு, அதுக்கு ஒரு 90 கிலோ இழுவை. தசை இழுக்குறது எல்லாம் எலும்பு மேல அழுத்தமாத்தான் விழும், எல்லாம் கூட்டுனா 180 கிலோ பக்கம் வருது. இப்ப தாங்குறது எவ்வளவுன்னு பாருங்க. வயசானவங்க முதுகெலும்பு பஞ்செலும்போட பலம் சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் சுமாரு, அதுக்குக் கீழயும் போகும். நாம போடுற எம்20 கான்கிரீட் 20, கடைசித் தரத்து செங்கல்லே 3.5. கட்டையோட பரப்பு ஒரு 10 சதுர சென்டிமீட்டர். ரெண்டையும் பெருக்குனா 2000 நியூட்டன், அதாவது 200 கிலோ பக்கம். ரொம்ப தோராயமான கணக்குதான், வயித்துத் தசை குடுக்குற முட்டு, வெளிச்சுவரு தாங்குறது எதையும் நான் சேக்கல, ஆனா ரெண்டு எண்ணும் இவ்வளவு பக்கத்துல வந்து நிக்கும்னு நான் நெனக்கல. நாப்பது வருசமும் குழவி அதே எட்டு கிலோதான்.

அடர்த்திக்கும் பலத்துக்கும் உள்ள உறவு வேற நம்மளை ஏமாத்துது. 1977ல கார்ட்டர், ஹேஸ்னு ரெண்டு பேரு எலும்பை அமுக்கி அமுக்கிப் பாத்து சொன்னது, பலம் அடர்த்தியோட வர்க்கத்தைப் பொறுத்துப் போகும்னு. அடர்த்தி முப்பது சதவீதம் குறைஞ்சா பலம் முப்பது குறையாது, பாதியாயிரும், 0.7ஐ 0.7ஆல பெருக்கிப் பாருங்க.

மிச்சமிருந்த ஒரு துண்டை சுண்டுவிரல் நகம் சைசுக்கு அறுத்து சைட்டுல பெஞ்சு வைஸ்ல மாட்டி மெதுவா திருகுனேன். மொதல்ல கம்முனு தாங்குது, கைப்பிடி கனமாகுது. அப்புறம் 'நறநற'ன்னு சின்னதா, ஒரு வரிசை போகுது, பக்கத்து வரிசை போகுது, காஞ்ச ரஸ்க்கை கையில அமுக்குற மாதிரி, கைப்பிடி கனம் ஏறாம அப்படியே சுத்துது. கடைசியில ஓட்டை எல்லாம் அடைஞ்சு மறுபடி கெட்டியாகுது. இந்த நடுக்கட்டம்தான் பஞ்சு எலும்போட விசேஷம், கெட்டி எலும்பு பட்டுனு முறியும், இது நொறுங்கி நொறுங்கி அடியை வாங்கிக்கும். இதுல ஒரு ஆச்சரியமான விஷயம், அடர்த்தியான துண்டோ சல்லடையான துண்டோ, ஒரே பக்கமா அமுக்குனா கிட்டத்தட்ட அதே அளவு சுருக்கத்துலதான், முக்கால் சதவீதம் பக்கம், ரெண்டுமே கை விடுது. அங்க போய்ச் சேர எவ்வளவு சுமை வேணும்ங்கிறதுலதான் வித்தியாசம். அதுலயும் பக்கவாட்டுல அமுக்குனா கதையே வேற, எந்தத் திசையில வழக்கமா சுமை வருதோ அந்தத் திசைக்குத்தான் அது தன்னைக் கட்டி வச்சிருக்கும், அதனாலதான் ஆயிரம் தடவை படியேறுன இடுப்பு, பாத்ரூம்ல ஒரு தடவை பக்கவாட்டுல விழுந்தா போயிருது.

இது வரைக்கும் எனக்குப் பழகுன உலகம். இதுக்கு மேலதான் நான் தோத்த எடம், ஏன்னா எங்க கட்டடத்துல ஒரு தூணை நிறுத்திட்டா அது நிக்கும், ராத்திரி யாரும் வந்து இடிச்சுட்டு மறுபடி கட்டிட்டுப் போறதில்ல. எலும்புல அதுதான் தெனமும் வேலை. இடிக்கிற ஆளு ஒரு செல், ஆஸ்டியோகிளாஸ்ட், எலும்பு மேல அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு ஓரத்தை சீல் வச்சு உள்ள ஆசிட்டை விட்டு கரைச்சு ஒரு குழி தோண்டுவான், ரெண்டு மூணு வாரத்துல அவன் வேலை முடிஞ்சிரும். அந்தக் குழியை நெரப்புறது ஆஸ்டியோபிளாஸ்ட், கொத்தனாரு, அவருக்கு மூணு நாலு மாசம் ஆகும். இடிக்கிறது வேகம், கட்டுறது மெதுவு, இது எல்லா ஊர்லயும் அப்படித்தான் போல. வேலை நடக்கிறது மேற்பரப்புல மட்டும்தாங்கிறதால, மேற்பரப்பே அதிகமா இருக்கிற பஞ்சு எலும்புல வருசத்துக்கு கால்வாசி மாத்திப் போடப்படுது, கெட்டி எலும்புல மூணு சதவீதம்தான். எடையில பாத்தா மொத்த எலும்புக்கூட்டுல பஞ்சு எலும்பு அஞ்சுல ஒண்ணுதான். ஆனா ஏதாவது கோளாறு வந்தா மொதல்ல தெரியறது அங்கதான், முதுகு, மணிக்கட்டு, இடுப்பு, எல்லாம் பஞ்சு எலும்பு ஜாஸ்தி இருக்கிற எடம்.

எங்க இடிக்கணும் எங்க கட்டணும்னு சொல்ற சூப்பர்வைசர் எலும்புக்குள்ளயே பொதைஞ்சு கெடக்குறான். ஆஸ்டியோசைட்னு பேரு, பழைய கொத்தனாருதான், கட்டுறப்பவே உள்ள மாட்டிக்கிட்டவரு. ஒரு ஆளு ஒடம்புல இப்படி நாலாயிரம் கோடிக்கு மேல இருக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் மயிரைவிட மெல்லிசான கால்வாய் வழியா கை கோத்துக்கிட்டு. நீங்க ஒரு படி ஏறுனா எலும்பு நம்ம கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையுது, கால்வாய்க்குள்ள தண்ணி லேசா ஓடுது, அந்த ஓட்டத்தை இவங்க உணர்றாங்க. ஓட்டம் இருந்தா ஸ்கிளிரோஸ்டின்னு ஒரு சரக்கை விடுறதைக் கொறைச்சுக்குவாங்க, அது கொறைஞ்சா கொத்தனாருக்குத் தடை நீங்குது. ஓட்டமே இல்லாட்டி இடிக்கிறவனைக் கூப்பிடுவாங்க, சும்மா நிக்கிற தூணு எதுக்குன்னு. விண்வெளியில மெதக்குறவங்களுக்கு இடுப்பெலும்பு மாசத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை சதவீதம் போறது இதனாலதான், தெனம் ரெண்டு மணி நேரம் பக்கம் பயிற்சி பண்ண விடுறாங்க, பெல்ட்டு போட்டு ஒடம்பை இழுத்துக் கட்டி ஓடுறதும் அதுல ஒண்ணு. எதிர்ப்பக்கம் யானை, அது கால் எலும்புல நமக்கு இருக்கிற மாதிரி நடுக்குழாயே கெடையாது, முழுக்க பஞ்சு எலும்பு அடைச்சிருக்கு.

மாதவிலக்கு நின்னதும் ஈஸ்ட்ரோஜன் கொறையுது, அதுதான் இடிக்கிற கேங்கை அடக்கி வச்சிருந்த ஆளு. கேங்கு பெருசாகுது, தோண்டுற குழி ஆழமாகுது. 0.1 மில்லிமீட்டர் குச்சியில ஒரு பக்கம் குழி விழுந்தா கொத்தனாரு வந்து பூசிருவாரு. குழி மறுபக்கம் வரைக்கும் போயிருச்சுன்னா? குச்சி ரெண்டாப் போச்சு. கொத்தனாரு ஏற்கெனவே இருக்கிற எலும்பு மேலதான் பூசுவாரு, அந்தரத்துல பூச அவருக்குத் தெரியாது. அறுந்த ரெண்டு முனையிலயும் இனி சுமை வராது, சுமை வராததை சூப்பர்வைசர் வச்சிருக்க மாட்டான், அந்த மொட்டைக் குச்சியும் கரைஞ்சு போகும். குறுக்குக் கட்டையை உருவுன பையனை நான் வேலையை விட்டு அனுப்பல, திட்டுனேன், மறுபடி கட்டச் சொன்னேன், கட்டிட்டான். இங்க மறுபடி கட்ட ஆள் இல்ல. ஆம்பளைங்களுக்கு வயசானா குச்சிங்க மெலியும், ஆனா தொடர்பு பெரும்பாலும் நிக்கும், பொம்பளைங்களுக்குத்தான் இப்படி அறுந்து போறது ஜாஸ்தி.

ஆனா எலும்பு சும்மா விட்டுர்றதும் இல்ல. விரிசல் விட்ட குச்சியில சின்ன உருண்டையா ஒரு முடிச்சு போட்டு ஒட்டிக்குமாம், மூங்கில் கணு மாதிரி, நாம சாரத்துல விரிஞ்ச கட்டைக்கு கயிறு சுத்துற மாதிரி. முதுகெலும்புல இந்த முடிச்சுங்க நெறைய கெடைக்குதாம். அம்மாவுக்குள்ள எத்தனை முடிச்சு இருந்துச்சோ அந்த நாப்பது வருசத்துல.

மருந்து ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒண்ணு. எலும்புச் சுண்ணாம்போட போய் ஒட்டிக்கும், இடிக்கிறவன் தோண்டுறப்ப அதையும் சேத்து முழுங்கி செயலிழந்து போயிருவான். சாப்பிடுற விதம்தான் சங்கடம், காலையில வெறும் வயித்துல ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட, அப்புறம் அரை மணி நேரம் படுக்கக்கூடாது (உணவுக்குழாய்ல நின்னுட்டா புண்ணாக்கிரும்), வேற எதுவும் உள்ள போகக்கூடாது, காப்பியும் சேத்தி. அம்மா இந்த எலும்பு கதை அத்தனையும் கேட்டுட்டு மொத்தமா கவலைப்பட்டது இந்தக் காப்பிக்குத்தான். ஞாயித்துக்கெழமை அஞ்சரைக்கு மாத்திரையைப் போட்டுட்டு துளசி மாடத்தையே சுத்திச் சுத்தி நடப்பாங்க, ஆறு மணி அடிக்கிறதுக்கு ரெண்டு நிமிசம் முன்னாடி பால் குக்கர் விசில் கேக்கும். கூடவே கால்சியம், விட்டமின் டி. ரத்தத்துல விட்டமின் டி அளவு 11, குறைஞ்சது இருபது இருக்கணும், இத்தனை வெயில் அடிக்கிற ஊர்ல. வெயில் அடிக்கிறப்ப அவங்க அடுப்படியிலதானே இருந்தாங்க.

போன மாசம் ஒரு வருசம் முடிஞ்சு மறுபடி ஸ்கேன், எக்ஸ்ரே. டி ஸ்கோர் மைனஸ் 2.8. புதுசா எதுவும் நசுங்கல, உயரம் அதே. டாக்டர் ரெண்டு ஃபிலிமையும் பக்கத்துல மாட்டுனாரு, செங்குத்துக் கோடு அதே மாதிரிதான் தெரிஞ்சுது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கிட்டப் போய் பாத்தாங்க.

"அந்தக் குறுக்கால இருக்கறது வந்துருச்சுங்களா சாமி? இவன் அதேயவே சொல்லிட்டிருக்கறான்."

"அது வராதுங்கம்மா. நிக்கறது கொஞ்சம் தடிச்சிருக்கு, இனிமே கொறையாமப் பாத்துக்கலாம்."

"செரிங்க. அப்ப கொழவி தூக்கலாங்ளா?"

டாக்டர் என்னைப் பாத்தாரு. நான் எக்ஸ்ரேவைப் பாத்தேன்.